காயாத பசை

பழைய சிமென்ட் தரை பொரிந்து போயிருக்கும். உடைத்து டைல்ஸ் போட வசதிப்படாது, அல்லது வாடகை வீடாக இருக்கும். அப்போதுதான் பலர் வினைல் 'ஸ்டிக்கர் டைல்ஸ்' வாங்குகிறார்கள். அடியில் இருக்கும் தாளை உரித்து ஒட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் சில மாதங்களிலேயே மூலைகள் தூக்கிக்கொள்கின்றன. குறை பெரும்பாலும் டைலில் இல்லை, தரையில்தான்.

வினைல் என்பது நம் தண்ணீர்க் குழாயில் இருக்கும் அதே பிவிசிதான். விறைப்பான அந்தப் பிளாஸ்டிக்கை இளக வைக்கும் வழியை 1926-இல் அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ செமான் கண்டுபிடித்தார். டைலின் மேலே தேய்மானம் தாங்கும் கண்ணாடி போன்ற படலம், அதன் கீழே மரமோ கல்லோ அச்சிட்ட படம், அதற்கும் கீழே சுண்ணாம்புக்கல் பொடி கலந்த வினைல் தகடு. கடைசியில் பசை.

இந்தப் பசைதான் விஷயமே. ஃபெவிகாலில் உள்ள தண்ணீர் வற்றியதும் அது இறுகிப் பிடிக்கிறது. ஸ்டிக்கர் பசை காய்வதே இல்லை. மெதுவாக அழுத்தினால் திரவம்போல நகர்ந்து தரையின் நுண்ணிய குழிகளுக்குள் இறங்கும். வெடுக்கென்று இழுத்தால் திடப்பொருள்போல எதிர்த்து நிற்கும். தரையை எவ்வளவு நெருங்கித் தொடுகிறதோ அவ்வளவு பிடிப்பு. அதனால்தான் கையால் தடவிவிட்டால் போதாது. நடுவிலிருந்து ஓரம் நோக்கி ரோலரால் அழுத்தி உருட்ட வேண்டும். தரையில் தூசி இருந்தால் பசை தூசியைத்தான் பிடிக்கும், தரையை அல்ல. பெருக்கித் துடைத்து, குழிகளைப் பட்டி வைத்து மட்டமாக்கி, சிமென்ட் தரைக்கு பிரைமரும் அடித்தாக வேண்டும்.

இன்னொரு எதிரி ஓதம். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் வெறும் சிமென்டில் தானாக ஆவியாகிவிடும். வினைல் மூடியதும் வெளியேற வழியில்லாமல், சிமென்டின் காரத்தோடு சேர்ந்து பசையைக் கூழாக்கும். ஒட்டுவதற்கு முன்பு இரண்டடி சதுர பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் நீர் முத்துக் கட்டியிருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ அந்த அறைக்கு இந்த டைல் வேண்டாம்.

டைல்களை இரண்டு நாள் அதே அறையில் வைத்திருந்து ஒட்டுவது நல்லது. வெப்பத்துக்கு ஏற்ப வினைல் விரியும், சுருங்கும். சுவரை நம்பித் தொடங்கக் கூடாது, எந்த வீட்டுச் சுவரும் முழு நேராக இருப்பதில்லை. அறையின் நடுவில் இரண்டு நூல் அடித்து, கொத்தனார்கள் மூலைமட்டம் பார்ப்பதுபோல 3 அடி, 4 அடி அளந்து குறுக்கே 5 அடி வருகிறதா என்று பாருங்கள். ஓரத்துக்கு வரும் துண்டை வெட்டும் கத்தியால் அழுத்திக் கீறி மடக்கினாலே உடைந்துவிடும்.

ஒட்டிய சில நாட்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடியையும் போட வேண்டாம். ரப்பரில் உள்ள ரசாயனம் வினைலுக்குள் இறங்கி மஞ்சள் கறையாகும்; எந்த சோப்புக்கும் அது போகாது. பருத்தி மிதியடி போடலாம்.