வண்டியின் மூளையை மாற்றலாமா?



மனிதனுக்கு மூளை இருக்கு. மாட்டு வண்டிக்கு, ஓட்டுகிற தாத்தாதான் மூளை. அப்போ தினமும் நம்ம ஊர் ரோட்டில் தக்காளியும் பால் கேனும் ஏற்றிக்கொண்டு போகிற பிக்கப் வண்டிக்கு? அதற்கும் ஒரு மூளை இருக்கிறது. பெயர் எலக்ட்ரானிக் கண்ட்ரோல் மாட்யூல். மெக்கானிக்குகள் சுருக்கமாக ‘ஈசிஎம்’ என்பார்கள். அது கெட்டுப்போனால் வேறு மாட்டலாம். ஆனால் மாட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கணும். அது என்ன கேள்வி என்பதுதான் இந்தக் கட்டுரை.

மூளை என்ன வேலை செய்யுது?

பார்க்க ஒரு சின்ன அலுமினியப் பெட்டி மாதிரி இருக்கும். உள்ளே சர்க்யூட் போர்டு. வெளியே நூற்றுக்கும் மேற்பட்ட பின் வரை உள்ள பெரிய சாக்கெட்டுகள். என்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, எவ்வளவு சூடு, எவ்வளவு காற்று உள்ளே போகுது, டிரைவர் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறார் என்று சென்சார்கள் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். எந்த சிலிண்டருக்கு, எந்த நேரத்தில், எவ்வளவு டீசல் என்று முடிவு செய்வது இந்தப் பெட்டிதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? நாலு சிலிண்டர் டீசல் என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போகணும். அப்படியானால் நிமிடத்துக்கு 6000 முறை, நொடிக்கு 100 முறை! கண் இமைப்பதற்குள் எத்தனை முடிவு பாருங்கள். அதுவும் காமன் ரெயில் என்ஜினில் டீசலின் அழுத்தம் 1000 பாருக்கும் மேலே போகும். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சுமார் 1 பார்தான்.

முன்பெல்லாம் டீசல் பம்பு முழுக்க இயந்திரம். கம்பியும் ஸ்பிரிங்கும் பார்த்துக்கொள்ளும். புகையைக் குறைக்கச் சட்டம் வந்தது. 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பாரத் ஸ்டேஜ் 4, 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6. இந்த அளவு சுத்தமாக எரிக்க ஸ்பிரிங்கால் முடியாது. அதனால்தான் மூளை வந்தது.

மூளைதான் போச்சுன்னு எப்படித் தெரியும்?

இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். ‘செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகல’ என்றதும் “போர்டு போச்சு, மாத்திடலாம்” என்று சொல்லிவிடுகிறார்கள். நல்ல மெக்கானிக் அப்படிச் சொல்ல மாட்டார். வரிசையாகப் பார்ப்பார்.

1. பேட்டரி: வண்டி ஓடாமல் இருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் இருக்கணும். செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே ரொம்ப இறங்கினால் மூளை மயங்கிவிடும். அது பேட்டரியின் நோய், மூளையின் நோய் அல்ல.

2. ஃபியூஸ், ரிலே: சில ரூபாய் ஃபியூஸ் போனாலும் மூளை செத்த மாதிரிதான் இருக்கும்.

3. எர்த் வயர்: பாடியில் போல்ட் போட்டிருக்கும் இடம் துருப்பிடித்தால் கரன்ட் சரியாகத் திரும்பாது.

4. வயரிங்: எலி கடித்திருக்கா, எங்காவது உரசித் தேய்ந்திருக்கா என்று கையால் தடவிப் பார்க்கணும்.

5. சென்சாருக்குப் போகும் 5 வோல்ட்: மூளை தன் சென்சார்கள் பலவற்றுக்கு 5 வோல்ட் கொடுக்கும். ஒரே ஒரு சென்சார் உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலும் அந்த 5 வோல்ட் மொத்தமும் படுத்துவிடும். சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்பி வந்தால், குற்றவாளி அந்த சென்சார்தான்.

6. ஸ்கேனர்: வண்டிக்குள் 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதில் மாட்டினால் கோளாறு எண்கள் வரும். ‘பி 0335’ என்றால் என்ஜின் சுற்றைச் சொல்லும் கிராங்க் சென்சார் வழியில் கோளாறு. ‘வழியில்’ என்பதைக் கவனியுங்கள். சென்சாராகவும் இருக்கலாம், அதன் வயராகவும் இருக்கலாம். ‘பி 0606’ என்றால் மூளையின் புராசஸர் மீதே சந்தேகம்.

கரன்ட் வருது, எர்த் நல்லா இருக்கு, வயரும் சென்சாரும் சரி, அப்படியும் மூளை பேசவில்லை என்றால் மட்டுமே மூளையைக் கை காட்டணும்.

சித்தப்பா வண்டிக்கு நடந்தது

என் சித்தப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடிக்கிறவர். ஒரு நாள் ராத்திரி தக்காளி லோடோடு வண்டி நின்றுவிட்டது. ஒரு ஒர்க்ஷாப்பில் பார்த்து ஈசிஎம் போச்சு என்றார்கள். உண்மையிலேயே போயிருந்தது. பழைய உதிரிபாகக் கடையில் ஒன்று வாங்கி மாட்டினார்கள். நாலே நாள். அதுவும் போச்சு! வண்டித் தவணை கட்டும் தேதி வேறு நெருங்கிவிட்டது. சித்தி நகையை அடகு வைக்கலாமா என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். பேனட்டைத் திறக்கவே இல்லை. முதலில் கேள்விதான் கேட்டார்.

“ஏண்ணே, இந்த ஒரு மாசத்துல ஹெட்லைட் பல்பு எத்தனை தடவை மாத்துனீங்க?”

“ரெண்டு தடவை தம்பி. மட்டமான பல்புன்னு நெனச்சேன்.”

“பேட்டரிக்குத் தண்ணி?”

“வாரா வாரம் ஊத்துறேன். வத்திப் போயிடுது.”

“அப்போ ஈசிஎம் தப்பு இல்லண்ணே. ஆல்டர்னேட்டரக் கழட்டுங்க.”

கழற்றிக் கடையில் டெஸ்ட் பெஞ்சில் ஓட்டிப் பார்த்தார். சாதாரணமாக 14 வோல்ட் பக்கம் வரணும். வேகம் கூடக் கூட மீட்டர் 18ஐத் தாண்டியது. ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் ரெகுலேட்டர் கெட்டுப்போயிருந்தது. விலை அதிகமான மூளை இரண்டைச் சாகடித்தது ஒரு சின்ன ரெகுலேட்டர்!

இயற்பியல் பாடத்தில் படித்தோமே, மின்தடை மாறாவிட்டால் மின்திறன் வோல்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்று. 14க்குப் பதில் 18 வோல்ட் வந்தால் சூடு சுமார் 1.65 மடங்கு. பல்பு எரிந்து போனதும், பேட்டரித் தண்ணீர் வற்றியதும், மூளை வெந்ததும் ஒரே காரணத்தால்தான். முதலில் ரெகுலேட்டரை மாற்றி, வோல்ட் சரியாக வருதா என்று பார்த்து, அதற்குப் பிறகுதான் மூன்றாவது ஈசிஎம்மைத் தொட்டார் அந்த அண்ணன்.

நம் கேள்வி இதுதான்: “ஏன் போச்சு?” அதற்குப் பதில் தெரியாமல் புதுசு மாட்டினால் புதுசும் போகும். திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரம் நமக்கெல்லாம் மனப்பாடம். நோய்க்கு மட்டுமா, வண்டிக்கும் அதே வைத்தியம்தான்.

மாற்றும் முறை

முதலில் பழைய பெட்டியின் மேல் உள்ள பாக எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருந்தால் போதாது, எண்ணும் பொருந்தணும். ஸ்கேனருக்குப் பழைய பெட்டி இன்னும் பதில் சொன்னால் அதிலுள்ள விவரங்களை எடுத்து வைக்கணும்.

சாவியை ஆஃப் செய்து சில நிமிடம் காத்திருக்கணும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றணும். வண்டி பாடியை ஒரு முறை தொட்டு, உடம்பில் உள்ள நிலைமின்னூட்டத்தை இறக்கிவிடணும். சாக்கெட்டை லாக்கைத் தூக்கித்தான் எடுக்கணும், வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பின்களில் பச்சை பூத்திருக்கா, வளைந்திருக்கா, ஈரமா என்று பார்க்கணும். புதுசை மாட்டி, எர்த் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கடைசியில் நெகட்டிவ் வயரை இணைக்கணும்.

இத்துடன் வேலை முடியவில்லை. புது மூளைக்குப் பிறந்த குழந்தை மாதிரி ஒன்றும் தெரியாது. வண்டியின் சேஸிஸ் எண்ணைச் சொல்லித்தரணும். ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் ஒரு குறியீடு பொறித்திருக்கும். ஒன்று தெளிக்கும் அளவு மற்றொன்றுக்கு இம்மி வித்தியாசப்படும் என்பதால் அந்தக் குறியீட்டையும் பதியணும். சாவிக்குள் சிப் இருக்கும் வண்டியில் சாவியையும் அறிமுகப்படுத்தணும். இல்லாவிட்டால் திருட்டுச் சாவி என்று நினைத்து ஸ்டார்ட் ஆகாது. வேறு வண்டியில் கழற்றிய பெட்டியை அப்படியே மாட்டினால் மக்கர் செய்வது இதனால்தான். புரோகிராம் ஏறும்போது பேட்டரி இறங்கிவிடக் கூடாது. பாதியில் நின்றால் புது மூளையும் வீணாகலாம்.

மூளையைக் காப்பாற்ற

* பாடியில் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியையும் ஈசிஎம் சாக்கெட்டையும் கழற்றச் சொல்லுங்கள்.
* என்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி சார்ஜ் ஏறுதா என்று பார்ப்பது பழைய வண்டிப் பழக்கம். இப்போதைய வண்டியில் செய்தால் வோல்ட் எகிறி மூளை போகலாம். மல்டிமீட்டர் போதும்.
* வேறு பேட்டரியிலிருந்து ஸ்டார்ட் செய்யும்போது பிளஸ், மைனஸ் மாறக் கூடாது.
* வாட்டர் சர்வீஸில் ஈசிஎம் பக்கம் வேகமாகத் தண்ணீர் அடிக்க வேண்டாம்.

நண்பர்களே, உங்கள் வீட்டில் அப்பாவோ மாமாவோ வண்டி வைத்திருந்தால் இன்றே கேளுங்கள்: “பல்பு அடிக்கடி போகுதா?” போகுது என்றால் வோல்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வகுப்புக்கு ஒரு கேள்வி: வண்டியின் செய்தி வயர் ஜோடியில் இரண்டு முனையிலும் 120 ஓம் மின்தடை பக்க இணைப்பில் இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு அளந்தால் எத்தனை ஓம் வரணும்? 120 வந்தால் என்ன அர்த்தம்? விடை அடுத்த இதழில்!

– பதினோராம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு