செவிலித்தாய்க்குக் கட்டிய வீடு

ஜெய்ப்பூர் ராம்பாக் அரண்மனை என்றால், பெரிய பணக்காரர்கள் தங்கும் ஓட்டல் என்றுதான் நமக்கெல்லாம் தெரியும். அந்த இடத்தில் முதன்முதலாக யாருக்காக வீடு கட்டினார்கள் தெரியுமோ? ராஜாவுக்கும் இல்லை, ராணிக்கும் இல்லை. இளவரசர் ராம்சிங்கைப் பால் கொடுத்து வளர்த்த செவிலித்தாய்க்கு!

1835-ல் கட்டியது சாதாரணத் தோட்ட வீடுதான். சுற்றிலும் அடர்ந்த காடு. அதனால் 1887-ல், மாதோசிங் மகாராஜா காலத்தில், அது வேட்டை மாளிகையாயிற்று. பிறகு ஸ்வின்டன் ஜேக்கப் என்ற ஆங்கிலேயர் போட்டுக் கொடுத்த வரைபடப்படி அரண்மனையாக வளர்ந்தது. இரண்டாம் மான்சிங் மகாராஜா அங்கேயே குடியேறிவிட்டார்.

1940-ல் அவருடைய மூன்றாவது மனைவியாக அந்த வீட்டுக்கு வந்தவர் கூச் பிஹார் இளவரசி காயத்ரி தேவி. பெண்கள் பர்தாவுக்குள் அடைந்து கிடந்த ஊரில், 1943-லேயே பெண்களுக்கென்று பள்ளிக்கூடம் ஆரம்பித்தவர் அவர்.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1949-ல் ஜெய்ப்பூர் ராஜஸ்தானோடு இணைந்தது. மகாராஜாவுக்கு 'ராஜ்பிரமுக்' என்று கவர்னர் மாதிரி ஒரு பதவி கிடைத்தது. 1956-ல் அதுவும் போயிற்று. ராஜ்யம் இல்லை; ஆனால் அரண்மனை இருக்கிறதே! வெள்ளையடிப்பது முதல் தோட்டக்காரர் சம்பளம் வரை யார் கொடுப்பது? 1957-ல் ராம்பாக்கை ஓட்டலாக்க மகாராஜா முடிவு செய்தார்.

காயத்ரி தேவிக்கு மனசே ஒப்பவில்லை. ஒப்புமா பின்னே? வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு விட்டாலே, நம் அடுப்படிப் பக்கம் வேற்று மனிதர் நடமாடுகிறாரே என்று நமக்கு என்னவோ போல இருக்கிறது! பதினேழு வருஷம் ஆண்டு அனுபவித்த வீடாயிற்றே! குடும்பம் ராஜ்மஹால் என்ற சிறிய மாளிகைக்குக் குடிபோனது.

அதற்காக அவர் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. 1962-ல் தேர்தலில் நின்று, அமோக வெற்றி பெற்று மக்களவைக்குப் போனார். 1970-ல் கணவர் காலமானார். 1971-ல் மன்னர் மானியமும் ஒழிந்தது. 1972 முதல் ஓட்டலைத் தாஜ் நிறுவனம் நடத்துகிறது. ராம்பாக் வளாகத்திலேயே 'லில்லி பூல்' என்ற வீட்டில்தான் காயத்ரி தேவி பிற்காலத்தில் வாழ்ந்தார். காலமானது 2009-ல்.

மகாராஜா செய்தது சரி என்றே எனக்குப் படுகிறது. வீம்புக்குப் பூட்டி வைத்திருந்தால் வௌவால்தான் குடியேறியிருக்கும். இன்று அந்தக் கட்டடம் நிற்கிறது. பல குடும்பங்களில் அதை நம்பி உலை கொதிக்கிறது. ஆனாலும், வீடு பிழைக்க வேண்டுமென்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு படியிறங்கினாரே, அந்த ராணியின் பங்கையும் நாம் மறக்கக் கூடாது.