கோபத்தை ஸ்கிரீனில் காட்டும் 'பயோஃபீட்பேக்'... முரட்டுப் பிள்ளைகளுக்கு எப்படி உதவும்?

'கை நீட்டுறான், பொருளைத் தூக்கி எறியுறான்' எனக் கவலைப்படும் பெற்றோர் பலர், அதை வெறும் சேட்டை என நினைத்து அடித்துவிடுகிறார்கள். உண்மையில், கோபம் வரும்போது இதயத்துடிப்பு எகிறும், உள்ளங்கை வியர்க்கும். இந்த மாற்றத்தைப் பிள்ளைக்கே காட்டிப் பழக்குவதுதான் 'பயோஃபீட்பேக்'.

விரலில் சென்சார் பொருத்தியதும் நாடித்துடிப்பு ஸ்கிரீனில் தெரியும். மூச்சை நிதானமாக விட்டால் எண் இறங்கும். அமெரிக்காவின் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் உருவான வீடியோ கேமில், துடிப்பு எகிறினால் சுட முடியாது. தணிந்தால்தான் ஆட்டம் தொடரும்.

ஆனால், இது மட்டுமே தீர்வல்ல. தூக்கமின்மை, கற்றல் குறைபாடு, ஏ.டி.ஹெச்.டி, வீட்டுச் சண்டை எனக் காரணம் வேறாகவும் இருக்கலாம். எனவே, முதலில் மருத்துவரைப் பாருங்கள். பெற்றோருக்கும் ஆலோசனை அவசியம்.

முதல் ஆலோசனைக்கு பெரம்பலூர், அரியலூர் பெற்றோர் திருச்சிக்கு ஓட வேண்டியதில்லை. பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனை, அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' 14416 எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றி தமிழில் பேசலாம்.

வீட்டில், 5 விநாடி மூச்சை இழுத்து, 5 விநாடி விடும் பயிற்சியைக் கொடுங்கள். மணிக்கட்டில் நாடி பிடித்து எண்ணவும் சொல்லிக்கொடுங்கள். கோபத்தின் நடுவில் அல்ல, பிள்ளை அமைதியாக இருக்கும்போதே பழக்குங்கள்!