அணைத்த பிறகும் ஷாக் அடிக்கும்!

டிரான்சிஸ்டர் வருவதற்கு முன் ரேடியோவுக்கு உயிரே வால்வுதான். பார்க்க குண்டு பல்பு மாதிரி இருக்கும், உள்ளே காற்று கிடையாது. சூடான கேதோடிலிருந்து எலக்ட்ரான்கள் பிளேட்டுக்கு ஓடும். நடுவில் கிரிட் என்ற கம்பி வலை. குழாய்த் திருகை லேசாகத் திருப்பினாலே தண்ணி எவ்வளவு கூடுது! அதே மாதிரி, கிரிட்டுக்கு வரும் சின்ன சிக்னல் பிளேட்டில் பெரிசாகிவிடும். இதுதான் ஆம்ப்ளிஃபையர். 1924-ல் நம்ம சென்னையில் கிருஷ்ணசாமி செட்டியாரின் ரேடியோ கிளப் ஒலிபரப்பியதும் வால்வை வைத்துத்தான்.

ஹாம் ரேடியோக்காரர்கள் 807 என்ற வால்வில் தாங்களே ஆம்ப்ளிஃபையர் செய்வார்கள். அதன் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் போதும். பிளேட்டுக்கோ 600 வோல்ட் கூடக் கொடுப்பார்கள். ஆபத்து அங்கேதான்! சுவிட்சை அணைத்தாலும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், ஆளையே கொன்னுடும். பிளீடர் என்ற ரெசிஸ்டரைக் குறுக்கே போட்டால் மெல்ல வடியும். அந்த ரெசிஸ்டரே எரிந்துபோயிருந்தால்? அதனால் பிளக்கைப் பிடுங்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் தொடணும்.

கண்ணாடிக்குள் வெள்ளி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். அது வெளுத்துவிட்டால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, வால்வு அவ்வளவுதான். நம்ம ஏரியா உப்புக்காத்துக்கு சாக்கெட் பின்னையும் அடிக்கடி துடைக்கணும்.

ஹாம் லைசென்ஸ் தேர்வை 12 வயசு ஆனாலே எழுதலாம். எனக்கு 14. அப்பாகிட்ட கேட்டிருக்கேன்.

- 9-ஆம் வகுப்பு மாணவி, கல்மண்டபம்