வீட்டு மின்சாரமும் வெப்பமுறும் உலகமும்

“இவ்வருடம் போல் ஒரு வெயிலை நாம் கண்டதில்லை” என்று வருடந்தோறும் சொல்லி வருகின்றோம். முன்பு அது வெறும் பேச்சாயிருந்தது. இன்று அளவுகளும் அதற்குச் சான்று பகர்கின்றன. கைத்தொழில் யுகத்துக்கு முன்னிருந்த நிலையோடு ஒப்பிடுமிடத்து, உலகின் சராசரி வெப்பநிலை 2024ஆம் ஆண்டிலே ஏறத்தாழ ஒன்றரைப் பாகை செல்சியஸ் உயர்ந்து காணப்பட்டது. ஒன்றரைப் பாகைதானே என்று எண்ணுதல் கூடாது. ஒவ்வொரு பாகை சூடேறுந்தோறும் காற்று நூற்றுக்கு ஏழு வீதமளவு கூடுதலான நீராவியைத் தாங்க வல்லதாகின்றது. நிலத்து ஈரத்தை அது விரைந்து உறிஞ்சும். பொழியுங்கால் கொட்டித் தீர்க்கும். வரட்சியும் வெள்ளமும் ஒரே காரணத்தினின்று வலுப்பெறுவதை மாணவர் இங்கே கவனித்தல் வேண்டும்.

மார்கழி இரவுகளை நினைத்துப் பார்ப்போம். வானம் தெளிந்த இரவிலே குளிர் உடலை நடுக்கும். முகில் மூடிய இரவிலே அவ்வளவு குளிர் இல்லை. நிலம் வெளிவிடும் வெப்பத்தை முகில் தடுத்து ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புவதே காரணம். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டும் கண்ணுக்குப் புலப்படாத அத்தகைய ஒரு போர்வையே. இத்தகைய போர்வை அறவே இல்லையேல் பூமி உறைந்து கிடக்கும். அது தடிப்பதே தொல்லை. காற்றில் இவ்வாயு இரட்டித்தால் உலகம் எவ்வளவு சூடேறும் என்பதைச் சுவீடன் தேசத்து அறிஞர் அரீனியஸ் 1896ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டார். ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையிலே கீலிங் என்பவர் 1958இல் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சம் பங்கு காற்றிலே சுமார் 315 பங்காயிருந்த அவ்வாயு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது.

இதற்கும் நம் வீட்டுச் சுவரிலுள்ள ஆளிக்கும் தொடர்பு என்ன? ஒரு காலத்திலே இலங்கையின் மின்சாரம் பெரும்பாலும் மலைநாட்டு நீரின் கொடையாயிருந்தது. பொறியியலாளர் விமலசுரேந்திரா 1918இல் எடுத்துரைத்த கனவு, 1950இல் லக்சபானவிலே நனவாயிற்று. இன்றோ நீரோடு நிலக்கரியையும் எண்ணெயையும் நம்பியிருக்கின்றோம். நுரைச்சோலையிலே 2011இல் இயங்கத் தொடங்கிய நிலக்கரி நிலையம் 900 மெகாஉவாற்று வலுவுடையது. மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றும் ஆண்டுகளிலே கரியும் எண்ணெயும் இன்னும் மிகுதியாக எரிகின்றன. 2022 மார்ச்சு மாத இறுதியில், எண்ணெய் வாங்க அந்நியச் செலாவணி இன்றி நீர்த்தேக்கங்களும் தாழ்ந்திருந்தபோது, நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதை எவரும் மறந்திரார்.

நிலக்கரியிலிருந்து ஓர் அலகு மின்சாரம் பெற ஏறத்தாழ 400 கிராம் கரி வேண்டும். வெளியேறும் காபனீரொட்சைட்டோ ஒரு கிலோகிராம் அளவினது. அரைக் கிலோவுக்குக் குறைந்த கரி ஒரு கிலோ வாயுவாவது எங்ஙனம் என்று பிள்ளைகள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். 12 கிராம் காபன் எரியும்போது காற்றிலிருந்து 32 கிராம் ஒட்சிசனைச் சேர்த்துக்கொண்டு 44 கிராம் வாயுவாகின்றது. மிகுதிப் பாரம் காற்றிலிருந்து வந்ததே.

இனி வீட்டுக்குள் வருவோம். பிள்ளை அணைக்க மறந்த மின்குமிழுக்காகச் சினக்கும் தந்தையார் பலர். அவர் சினம் நியாயமே. ஆயினும் அது பெரும்பாலும் சிறிய குற்றவாளியின் மேலேயே பாய்கின்றது. இக்காலத்து 9 உவாற்று மின்குமிழ் நான்கு மணி நேரம் எரிந்தாலும் ஓர் அலகின் இருபத்தைந்தில் ஒரு பங்கைத்தானும் எட்டுவதில்லை. 1000 உவாற்று மின்னழுத்தி அரை மணி நேரம் இடைவிடாது சூடேறினால் அரை அலகு போய்விடும். அவ்வரை அலகிலே அம்மின்குமிழ் ஐம்பத்தைந்து மணி நேரம் எரியும். ஒரு கோப்பைத் தேநீருக்காகக் கேத்தலை நிரப்பி, வேண்டாத ஒரு லீற்றர் நீரைக் கொதிக்க வைப்போமாயின், அதற்குச் செலவாகும் மின்சாரம் அக்குமிழுக்கு ஒன்பது மணி நேரம் போதும். வெளிச்சம் மலிவானது; சூடே விலை கூடியது. குளிரும் அவ்வாறே. ஆவி பறக்கும் கறியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பது, அச்சூட்டை வெளியேற்றும் வேலையையும் அதன் தலையிலே சுமத்துவதாகும்.

அடுப்பங்கரையிலும் ஒரு செய்தி உண்டு. திறந்த பானையிலே கொதிக்கும் நீர் நூறு பாகைக்கு மேலே சூடேறுவதில்லை. கொதித்த பின்னரும் சுவாலையைப் பெரிதாக விட்டால் பருப்பு விரைந்து வேகாது, ஆவிதான் மிகும். மூடியிட்டுச் சுவாலையைத் தணித்தால் எரிவாயு மிஞ்சும்.

எவ்வளவு என்பதைப் போலவே எப்போது என்பதும் முக்கியம். இதனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் நாட்டிலே மின்சாரத்தின் தேவை உச்சமடைவது மாலை ஆறரைக்கும் இரவு பத்தரைக்கும் இடையிலாகும். அவ்வேளையிலே சூரியன் இல்லை. நீர்த்தேக்க நீரும், அது போதாதவிடத்து எண்ணெயும் கைகொடுக்கின்றன. பகலிலோ நிலைமை வேறு. 2025ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலே, தேவை குறைந்து சூரிய மின்சாரம் மிஞ்சியதனால், கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. நண்பகலிலே வேண்டாமென்று தள்ளப்பட்ட அதே மின்சாரத்துக்காக, இரவிலே எண்ணெய் எரிக்க நேர்வது விந்தையன்றோ? ஒரு வாரத்துச் சீருடைகளையெல்லாம் ஞாயிறு நண்பகலிலே ஒருமிக்க அழுத்துவதும், தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றுவதைப் பகலிலே முடிப்பதும் செலவில்லாத காரியங்கள்.

மாணவர் ஒரு வாரம் மின்மானியை மாலை ஆறரைக்கும் இரவு பத்தரைக்கும் வாசித்துக் கொப்பியிலே குறித்து வரட்டும். அந்நான்கு மணி நேரச் செலவை மற்றைய இருபது மணி நேரச் செலவோடு ஒப்பிட்டு, மறுவாரம் மின்னழுத்தியையும் நீரிறைக்கும் இயந்திரத்தையும் பகலுக்கு மாற்றி, மீண்டும் ஒருமுறை குறித்துப் பார்க்கட்டும்.