வளரிளம் பருவமும் வீட்டுப் பேச்சும்

தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்று எல்லாரும் சொல்கிறோம். ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளையிடம் நாம் பேசுவதெல்லாம் "சாப்பிட்டியா, படிச்சியா, எவ்வளவு மார்க்கு" என்ற மூன்றோடு முடிந்துவிடுகிறது.

கலிபோர்னியாவில் உளவியல் அறிஞர் டயானா பாம்ரிண்ட் 1960களில் பெற்றோரை மூன்று வகையாகப் பிரித்தார். சொன்னதைச் செய், காரணம் கேட்காதே என்பவர் ஒருவர். எது கேட்டாலும் சரி என்பவர் இன்னொருவர். மூன்றாமவரிடம் கண்டிப்பும் உண்டு. காரணமும் சொல்வார், பிள்ளை மறுத்துப் பேசினால் காதும் கொடுப்பார். பிள்ளையைக் கவனிக்கவே கவனிக்காத நான்காம் வகையை 1983இல் மக்கோபி, மார்ட்டின் என்ற இருவர் சேர்த்தனர். மூன்றாம் வகை வீட்டுப் பிள்ளைகளே படிப்பிலும் தன்னம்பிக்கையிலும் மேலாக நிற்பதாகப் பின்வந்த பல ஆய்வுகள் கூறும். ஆனால் இந்த அளவுகோல் எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தாது. சீனக் குடும்பங்களில் கண்டிப்பு என்பது அக்கறையின் வடிவம் என்று ரூத் சாவோ 1994இல் எடுத்துக்காட்டினார். நம் வீடுகளுக்கும் அது பாதி பொருந்தும் என்பது என் எண்ணம்.

இதைவிட நமக்கு முக்கியமான ஆய்வு ஒன்று உண்டு. ஸ்வீடனில் ஸ்டாட்டின், கெர் இருவரும் பதினான்கு வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து 2000இல் வெளியிட்டது. பிள்ளை எங்கே போகிறான், யாரோடு பழகுகிறான் என்பது பெற்றோருக்குத் தெரிய வருவது பெரும்பாலும் பிள்ளை தானாகச் சொல்வதால்தான்; துருவிக் கேட்பதாலும் காவல் வைப்பதாலும் அவ்வளவு இல்லை.

தானாகச் சொல்ல வேண்டுமென்றால், எந்த மொழியில் சொல்வது? இங்கேதான் அந்தமான் தமிழர் பாடு வேறு. 2011 கணக்கெடுப்பில் இத்தீவுகளின் மக்கள் 3,80,581 பேர். அதில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 15 சதவீதம். பள்ளி, பஜார், விளையாட்டு எல்லாம் இந்தி. அம்மா தமிழில் கேட்க, பிள்ளை இந்தியில் பதில் சொல்லும் வீடுகள் ஏராளம். அமெரிக்காவில் குடியேறிய ஆசிய, லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்த செங், ஃபுலிக்னி இருவரும் 2000இல் சொன்னது இதுதான்: ஆளுக்கொரு மொழி பேசும் வீட்டில் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மனத்தூரம் அதிகம், கலந்து பேசுவது குறைவு. இருவரும் தாய்மொழியிலேயே பேசும் வீட்டில் நெருக்கம் அதிகம்.

அதற்காக, பிள்ளை ஏதோ மனசு விட்டுச் சொல்லும்போது நடுவில் "தமிழ்ல பேசுடா" என்று அதட்டினால் தமிழும் போச்சு, விஷயமும் போச்சு. நம் வீடுகளில் தமிழ் திட்டுவதற்கு மட்டுமே பயன்படும் மொழியாகி வருகிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

இன்னொன்று. பாங்கிலும் ஆஸ்பத்திரியிலும் இந்தி தெரியாத பெரியவர்களுக்குப் பேசிக்கொடுப்பது பிள்ளைதான். அங்கே பெரிய மனுஷன், வீட்டுக்கு வந்தால் "உனக்கு என்னடா தெரியும்!" பதினைந்து வயசுக்கு இது பெரிய குழப்பம். எங்களைப் போன்ற கடைக்காரர் நிலை இன்னும் மோசம். அபர்தீன் பஜாரில் கடை சாத்திவிட்டுப் போவதற்குள் பிள்ளை தூங்கிவிடுகிறது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பலர் மேற்படிப்புக்காக ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து, அதாவது 2024 வரை போர்ட் பிளேர் என்றிருந்த ஊரிலிருந்து, சென்னைக்குப் போகிறார்கள். சுமார் 1,360 கிலோமீட்டர். அதன்பின் மிச்சமிருப்பது போன் ஒன்றுதான். அதில் "நல்லா இருக்கேன்" என்பதற்கு மேல் என்ன வரும் என்பது, அதற்கு முந்தைய நாலைந்து வருஷம் வீட்டில் என்ன பேசினோம் என்பதைப் பொறுத்தது.