சமூகம் என்னும் பட்டறை



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நம் யூனியன் செயலாளர் வந்தபோது, "சி.என்.சி. பத்தி எழுது, இல்லாட்டி வேலைவாய்ப்பு பத்தி எழுது மச்சி" என்றார்கள் நண்பர்கள். இரண்டும் மலருக்கு மலர் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நான் எழுத நினைத்தது வேறு. ஆனால் அதுவும் நம் ஃபிட்டிங் ஷாப்பில்தான் தொடங்குகிறது.

முதலாம் ஆண்டில் நாம் எல்லோரும் செய்திருப்போம். எம்.எஸ். தகடு இரண்டை வைஸில் கட்டி, அரத்தால் ராவி, ஒன்றில் 'வி' வெட்டி, மற்றதை அதில் பொருத்த வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் இடுக்கில் ஒளி தெரியக் கூடாது. "நாலு இழுப்பு இழுத்தா ஒரு தடவை மூலைமட்டம் வச்சுப் பாரு. ஜாஸ்தி ராவிட்டா போனது போனதுதான். திரும்ப ஒட்ட வைக்க முடியாது" என்று இன்ஸ்ட்ரக்டர் சொல்லுவார். கை கொப்பளித்ததுதான் மிச்சம் என்று அன்று நினைத்தேன். மூன்றாம் ஆண்டில்தான் அந்த வார்த்தையின் பொருள் எனக்குப் புரிந்தது.

மனிதனையும் சமூகம் இப்படித்தான் ராவிப் பொருத்துகிறது. சமூகவியலில் இதற்குச் 'சமூகமயமாதல்' என்று பெயர்.

சமூகமயமாதல் என்றால் என்ன?

பிறந்த குழந்தைக்கு மொழி இல்லை. வெட்கம் இல்லை. பெரியவர், சிறியவர் என்ற பேதம் தெரியாது. தான் வாழப்போகும் சமூகத்தின் மொழி, பழக்கவழக்கம், நல்லது கெட்டது எல்லாவற்றையும் அது சிறிது சிறிதாகக் கற்று, அவற்றைத் தனதாகவே ஆக்கிக்கொள்கிறது. இதுதான் சமூகமயமாதல். இதில் 'தனதாக' என்ற சொல்தான் முக்கியம்.

ஓர் உதாரணம். பரீட்சைக்கு முதல் நாள் இரவு. அறையில் நாம் மட்டும்தான். தெரியாமல் புத்தகம் காலில் பட்டுவிடுகிறது. உடனே கை அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறது. யாரும் பார்க்கவில்லை, செய்யாவிட்டால் அபராதம் கிடையாது. ஆனாலும் செய்கிறோம். அம்மா என்றோ சொன்னது இன்று நம் கைக்குள்ளேயே குடியிருக்கிறது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னதும் இதைத்தான்.

ஒரு காட்டுச் சிறுவனின் கதை

சமூகமே இல்லாமல் ஒருவன் வளர்ந்தால் என்ன ஆவான்? பிரான்ஸ் நாட்டின் அவேரான் பகுதியில், 1800ஆம் ஆண்டு ஜனவரியில், காட்டில் தனியாகத் திரிந்துகொண்டிருந்த சிறுவன் ஒருவன் பிடிபட்டான். சுமார் 12 வயது இருக்கும். பேச்சு இல்லை. பாரீஸ் நகரில் இட்டார் என்ற இளம் மருத்துவர் அவனுக்கு 'விக்டர்' என்று பெயர் வைத்து ஐந்தாண்டு காலம் பயிற்சி கொடுத்தார். சில சொற்களுக்கு மேல் அவனுக்குப் பேச வரவில்லை. பிறவியிலேயே அவனுக்குக் குறை இருந்ததா, தனிமையால் வந்த குறையா என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

ஆனால் இட்டார் எழுதிவைத்த ஒரு நிகழ்ச்சி என் மனதைத் தொட்டது. விக்டரைக் கவனித்துக்கொண்ட அம்மையாரின் கணவர் இறந்துவிட்டார். அது தெரியாமல் விக்டர் வழக்கம்போல் சாப்பாட்டு மேசையில் அவருக்கும் தட்டு வைத்தான். அந்த அம்மாள் அழுதார். அதைப் பார்த்ததும் அவன் அந்தத் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டான். அதன் பிறகு அதை வைக்கவே இல்லை. பேச்சு வராவிட்டாலும் இன்னொருவரின் துக்கம் அவனுக்குப் புரிந்தது. ஆக, சமூகமயமாதல் என்பது வெறும் கட்டுப்பாடு அல்ல. அடுத்தவர் மனதைப் படிக்கும் பாடமும் அதில் இருக்கிறது.

யார் யார் நம்மை ராவுகிறார்கள்?

முதல் பட்டறை வீடு. நாம் எப்படிப்பட்டவர் என்பதை அடுத்தவர் முகத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம் என்று 1902இல் எழுதினார் அமெரிக்கச் சமூகவியலாளர் கூலி. நாம் பிறர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறோம் என்று நினைக்கிறோம், அவர்கள் நம்மைப் பற்றி என்ன முடிவு செய்வார்கள் என்று நினைக்கிறோம், அதை வைத்துப் பெருமையோ கூச்சமோ அடைகிறோம். இதைக் 'கண்ணாடி' என்றே அவர் குறிப்பிட்டார். "இவன் கெட்டிக்காரன்" என்று பத்துப் பேர் சொன்னால் பையன் நிமிர்கிறான். "இதுக்கெல்லாம் நீ லாயக்கில்லை" என்றால் அதையும் நம்பிவிடுகிறான்.

இரண்டாவது, விளையாட்டு. ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் என்ற அறிஞர் இதை அழகாக விளக்கினார். சின்னக் குழந்தை அம்மா மாதிரி, டீச்சர் மாதிரி ஒருவரைப் போல மட்டும் நடித்து விளையாடும். கொஞ்சம் வளர்ந்ததும் குழு விளையாட்டுக்கு வருகிறது. கபடியில் ரைடு போகிறவனுக்குத் தன் வேலை மட்டும் தெரிந்தால் போதாது. எதிரே நிற்கும் ஏழு பேரும் என்ன செய்வார்கள் என்பதும் மனதில் ஓட வேண்டும். அப்படித்தான் ஊரையே மனதுக்குள் வைத்துக்கொள்ளப் பழகுகிறோம்.

மூன்றாவது, கல்வி நிலையம். சிலபஸில் இல்லாத பாடம் ஒன்று எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது. ஃபிலிப் ஜாக்சன் என்பவர் 1968இல் இதற்கு 'மறைமுகப் பாடத்திட்டம்' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். நம் பாலிடெக்னிக்கையே பாருங்களேன். லேத்தை நிறுத்தியதும் சுருள்களைத் துடைத்துவிட்டுத்தான் வெளியே வருகிறோம். வாங்கின டூலை எண்ணித் திருப்பிக் கொடுக்கிறோம். ஷூ இல்லாமல் ஷாப்புக்குள் கால் வைக்கக் கூசுகிறது. இதற்கெல்லாம் மார்க் இல்லை. ஆனால் நாளைக்கு ஒரு கம்பெனியில் நம்மைத் தொழிலாளியாக நிறுத்தப் போவது இந்தப் பாடம்தான்.

எல்லாம் நல்ல பாடமா?

இல்லை, நண்பர்களே. எங்கள் வீட்டில் நான் சாப்பிட்ட தட்டை அக்காதான் எடுப்பாள். யாரும் உத்தரவு போடவில்லை. எனக்கும் தப்பாகத் தோன்றவில்லை. ஹாஸ்டலுக்கு வந்து, என் தட்டை நானே கழுவின பிறகுதான் உறைத்தது. அக்காவுக்கும் எனக்கும் ஒரே வீட்டில் வெவ்வேறு பாடம் நடந்திருக்கிறது!

ஒரு தலைமுறை நினைத்தால் பாடத்தை மாற்றவும் முடியும். 1929ஆம் ஆண்டு செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அன்றைக்கு அது பலருக்கு விசித்திரமாகத்தான் இருந்திருக்கும். இன்று நம் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். இனிஷியலும் பெயரும்தான். அது நமக்கு இயற்கையாகவே படுகிறது. சாதி ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுக்காமல் நிறுத்தினால் அடுத்த தலைமுறைக்கு அது போகாது என்பதற்கு இது சாட்சி.

நான் செய்தது

இதையெல்லாம் உபதேசம் செய்ய எனக்கு என்ன தகுதி? ஒரு தகுதியும் இல்லை. அதனால்தான் இதையும் எழுதுகிறேன்.

முதலாம் ஆண்டில் ஹாஸ்டல் மாடிப்படியில் சீனியர்கள் என்னை நிறுத்தினார்கள். "மூணாவது பட்டனைப் பாருடா!" தலை நிமிரக் கூடாது. அன்று இரவு போர்வைக்குள் அழுதேன். இரண்டு மாதம் கழித்து அதே சீனியர்கள் டிராஃப்டர் கொடுத்தார்கள், பழைய லேப் ரெக்கார்டு கொடுத்தார்கள். "நாமும் இவர்களில் ஒருவன்" என்று ஒரு பெருமை. அந்தப் பெருமையில் அழுததை மறந்தேன். 'இதெல்லாம் நம்மைப் பக்குவப்படுத்தத்தான்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் ஆண்டில் அதே படியில் நான் நின்றேன். அதே வார்த்தை என் வாயில் தானாக வந்தது. எதிரில் நின்ற பையனுக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும். பெயரைச் சொல்லச் சொன்னோம். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டான். சிரித்தோம். "இன்னொரு தடவை" என்றேன். பத்துத் தடவை சொல்ல வைத்தோம்.

சனி, ஞாயிறு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. ஒரு வாரம் கழித்து அவன் அப்பா பெட்டியை எடுக்க வந்தார். அறையைக் காட்டியதே நான்தான். பெட்டியைக் கீழே தூக்கிக்கொண்டு வந்தபோது, "வீட்டுல நல்லாத்தான் பேசுவான் தம்பி. இங்க வந்தப்புறந்தான் பேச்சே நின்னுபோச்சு" என்றார். எனக்கு வாய் திறக்கவில்லை. பஸ் ஏறும்போது, "நீங்களாவது நல்லாப் படிங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சட்டம் தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. 1996இல் நம் மாநிலத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகு, 1997இல் தமிழ்நாடு அரசு ராகிங் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், கல்லூரியிலிருந்து நீக்கம். ராகிங் செய்ய மாட்டேன் என்ற உறுதிமொழிப் படிவத்தில் நானும் கையெழுத்துப் போட்டவன்தான். படிவம் ஆபீஸில் இருந்தது. பழக்கம் என் நாக்கில் இருந்தது.

முடிவாக...

தகடு வேறு, மனிதன் வேறு. ராவப்பட்ட தகடு அடுத்த தகட்டை ராவப் போவதில்லை. நாம் அப்படி இல்லை. முதலாண்டில் வைஸில் இருப்பவர்கள், இரண்டாம் ஆண்டில் அரத்தைக் கையில் எடுக்கிறோம். நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்களை மாற்ற நம்மால் முடியாது. நாம் எதைச் சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

நான் ராவியது அளவுக்கு மீறிப் போய்விட்டது. திரும்ப ஒட்ட வைக்க முடியவில்லை. அந்தப் பையனுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. அவன் எழுதவேண்டிய கடனும் இல்லை.

புதிய செட் ஜூனியர்கள் வரும்போது நான் இங்கே இருக்க மாட்டேன். நீங்கள் இருப்பீர்கள். அந்த மாடிப்படியில் புதுப் பையன் ஒருவன் பயந்துபோய் ஏறி வருவான். அவனுக்கு நீங்கள் சொல்லும் முதல் வார்த்தைதான் இந்தக் கல்லூரி அவனுக்கு நடத்தும் முதல் பாடம். "வா தம்பி, சாப்பிட்டியா? டிராஃப்டர் இருக்கா?" என்று கேளுங்கள். அவன் பெயரைச் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டால், காத்திருங்கள்.



— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்